கதவில் மாட்டிய விசிறி

ரேணிகுண்டாவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியருக்கு அமெரிக்காவிலிருந்து மகன் தன் வீட்டுச் சோதனை முடிவை அனுப்பியிருந்தார். அதில் ஓர் எண்: 3. வாசல் கதவில் பெரிய விசிறியை மாட்டி, உள்காற்றை வெளியே இழுத்து, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்குகிறார்கள். அப்போது வீட்டுக் காற்று முழுவதும் மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதே அந்த எண். குறையக் குறைய ஒழுக்கும் குறைவு. ஜெர்மனியின் 'பாசிவ்ஹவுஸ்' தரத்தில் உச்சவரம்பு 0.6.

கரண்ட் பில் குறையும் என்று பெரியவர் வென்டிலேட்டர்களை அடைக்கச் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்குச் சம்மதமில்லை. மேஸ்திரி கட்சிதான் சரி. குளிர் நாட்டில் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று தப்பிவிடக் கூடாது. இங்கோ மாலைக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வீடுகளுக்காக 2018இல் வெளியான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் காற்றுக்குத் திறக்கும் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. அடைக்கச் சொல்லவில்லை, திறக்கச் சொல்கிறது!

ஏ.சி. வைக்கும் படுக்கையறை வேறு கதை. அங்கே கதவடி இடுக்கையும் ஜன்னல் சந்தையும் அடைத்தால் லாபம்தான். காஸ் அடுப்பு எரியும் சமையலறையில் வென்டிலேட்டரைத் தொடவே கூடாது.

மே மாதத்தில் அந்த வீட்டைக் கொதிக்க வைக்கப்போவது இடுக்குகளல்ல, கான்கிரீட் தளம். மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்க என்ன ஆகும் என்று பெரியவர் இன்னும் விசாரிக்கவில்லை.