நான்கு கால்களின் பாரம்

மாட்டுவண்டிக்காரர்களிடம் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் உண்டு. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, கழுத்துக்கயிறு தொண்டையை இறுக்கும். மூட்டை அடுக்கி முடித்தவர் ஏர்க்காலை ஒருமுறை கையால் தூக்கிப் பார்ப்பார். அவ்வளவிலேயே பாரம் சரியா தவறா என்று தெரிந்துவிடும். வண்டி பார்வைக்கு மட்டமாக நிற்கிறதா என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. எந்தக் கழுத்தில் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. மோட்டார் வாகனம் வந்தபின் நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

என் தங்கையை சேத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் உள்ள ஊர். மேற்கே மலைத்தொடர், அதன் அடியில் தென்னையும் மாவும் நெல்லும். மதுரையிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குள் இறங்கும் லாரிகள் இரவும் பகலும் போகிற பாதை என்பதால், இப்பகுதியில் கமான் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. லாரி ஒரு பக்கம் தணிந்துவிட்டால் கமான் கட்டைக் கழற்றி, தளர்ந்த பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி அடித்து வளைவேற்றுவார்கள். அல்லது கூடுதலாக ஒரு பட்டை செருகுவார்கள். ஏறியது ஏறியதுதான், நினைத்தபடி மில்லிமீட்டர் கணக்கில் இறக்கவோ ஏற்றவோ வழியில்லை.

காயில்ஓவர் என்பது அந்த வழியைத் தருகிற அமைப்பு. ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள்வில் இருக்கும். அப்சார்பரின் குழாயில் மரை வெட்டப்பட்டிருக்கும். மரையில் ஓடும் ஒரு வளையத்தின்மீது வில் அமர்ந்திருக்கும். வளையத்தை மேலே திருகினால் அந்த மூலை உயரும், கீழே திருகினால் தணியும். இதன் எளிய வடிவத்தை அறியாதவர் நம்மில் குறைவு. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தருகே குனிந்து பாருங்கள். பின்னால் ஆளோ மூட்டையோ ஏறும்போது படிபடியாகத் திருப்பிவைக்க ஒரு வளையம் இருக்கும். அங்கே சில படிகள். இங்கே முழு நீள மரை. அதுவே வேறுபாடு.

இந்த நுட்பம் பந்தயக் களத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் அந்தக் களத்துக்கு ஒரு நீண்ட கதை உண்டு. சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் நடந்த பந்தயங்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்ததும் அங்கே இடம்பெயர்ந்தன. கோவையின் எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, நடுத்தர வசதியுள்ள இளைஞர்களும் பந்தயத்துக்கு வரும்படி செய்தார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தின் பந்தயத்தடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே.

கோவையும் ராஜபாளையமும் நூற்பாலை ஊர்கள். ஆட்களும் இயந்திரங்களும் இரண்டுக்கும் இடையே ஓயாமல் போய்வருவதுபோல் பழைய கார்களும் போய்வரும். அப்படித்தான் மாப்பிள்ளைக்கு ஒரு மாருதி எஸ்டீம் வந்து சேர்ந்தது. முன்பு பந்தயத்தடத்தில் ஓடிய வண்டி. நான்கு சக்கரத்திலும் காயில்ஓவர். வாங்கியபோது ஓட்டுநர் பக்கம் சற்றுத் தணிந்திருந்தது. வெளியூரில் ஒரு பட்டறையில் விட்டார்கள். வலது முன்மூலையை உயர்த்தியதும் இடது பின்மூலை தணிந்ததுபோல் தெரிந்திருக்கிறது, அதையும் உயர்த்தினார்கள். பிறகு ஒவ்வொரு மூலையாகத் திருகித் திருகி, டேப்பில் நான்கும் ஒரே அளவு காட்டியதும் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

சில வாரங்களில் தங்கை தொலைபேசியில் சொன்னாள்: "பிரேக் பிடிச்சா வண்டி வலப்பக்கமா இழுக்குதுண்ணே. உங்க மாப்பிள்ளை ஒண்ணுமில்லங்கறாரு. பிள்ளைய ஏத்திட்டுப் போகப் பயமா இருக்கு." நம் சாலையில் வலப்பக்கம் என்பது எதிரே லாரி வரும் பக்கம். வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்று, பிரேக் கட்டைகளையும் மாற்றியாயிற்று. இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் ஊருக்குப் போனேன். மாப்பிள்ளையும் நானும் உள்ளூர்ப் பட்டறை அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

அவர் டேப்பைத் தொடவே இல்லை. "உயரம் சரியாத்தான் இருக்கும் தம்பி. எடை பாத்தியளா?" என்றார். தெரிந்த மண்டிகளிலிருந்து நான்கு எடைமேடைகளை வரவழைத்தார். ஒரே அரிசி மூட்டையை நான்கிலும் ஏற்றிப் பார்த்து, எல்லாம் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று உறுதிசெய்தார். கொத்தனார்கள் தளமட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் நான்கு மேடைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, குறைந்த இடத்தில் தகரம் செருகினார். டயர்களில் காற்று சமம், டாங்கில் பாதி பெட்ரோல். முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குக்கம்பியை ஒரு முனையில் கழற்றிவிட்டார். இல்லாவிட்டால் ஒரு பக்கத்து விசையை அது மறுபக்கத்துக்குக் கடத்திவிடும். ஓட்டுநர் இருக்கையில் 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்று. ஆள் உட்கார்ந்தால் என்ன பாரமோ அந்தப் பாரம். எடுக்கும் அளவு, வண்டி சாலையில் ஓடும் நிலையில் எடுத்ததாக இருக்க வேண்டுமல்லவா?

எடைகள் இப்படி வந்தன. இடது முன் 272, வலது முன் 318, இடது பின் 197, வலது பின் 163. மொத்தம் 950 கிலோ. டேப்புக்கு மட்டமாக நின்ற வண்டி, வலது முன்சக்கரத்திலும் இடது பின்சக்கரத்திலுமாக 515 கிலோவைச் சுமந்துகொண்டிருந்தது. மற்ற மூலைவிட்டத்தில் 435 மட்டுமே.

மூன்று கால் உள்ள முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலிக்கு அது வாய்க்காது. ஒரு கால் சற்றே நீண்டுவிட்டால் அதுவும் அதற்கு மூலைவிட்டமாக உள்ள காலும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். மற்ற இரண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். காரில் வில்கள் இருப்பதால் ஆட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான்கு சக்கரமும் தரையில்தான் இருக்கின்றன, உடல் மட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரேக் மிதித்ததும் பாரம் குறைந்த இடது முன்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. பாரம் மிகுந்த வலது சக்கரம் சாலையைப் பற்றி வண்டியைத் தன் பக்கம் திருப்புகிறது. தங்கையின் பயத்துக்குக் காரணம் அந்த 46 கிலோ வேறுபாடு.

அண்ணாச்சி வலது முன், இடது பின் வளையங்களை ஏறத்தாழ இரண்டரைச் சுற்று இறக்கினார். மற்ற இரண்டையும் அதே அளவு ஏற்றினார். சக்கரத்தைத் தூக்கிவிட்டுத்தான் திருகினார். பாரத்தோடு திருகினால் மரை சிதையும். ஒவ்வொரு முறையும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, வில்கள் அமர்ந்தபின்பே மேடையில் ஏற்றினார். மாலையில் எண்கள் 292, 298, 177, 183. இரண்டு மூலைவிட்டத்திலும் 475.

நான் வியந்தது வேறொன்றைக் கண்டு. முன்னிரு சக்கரங்களின் கூட்டுத்தொகை காலையிலும் 590, மாலையிலும் 590. இடப்பக்கக் கூட்டுத்தொகையும் மாறவில்லை, 469. எவ்வளவு திருகினாலும் வண்டியின் பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். எஞ்சினையோ பேட்டரியையோ ஆளையோ இடம் மாற்றாமல் அதை மாற்றவே முடியாது. வளையம் செய்வதெல்லாம் இருக்கிற பாரத்தை மூலைவிட்டங்களுக்கிடையே பகிர்வது மட்டும். கடைசியில் டேப்பை வைத்தபோது, காலை உயரத்துக்கும் மாலை உயரத்துக்கும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். உயரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்தக் கோளாற்றை யாராலும் கண்டிருக்க முடியாது.

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அழகுக்காக வண்டியைத் தரையோடு தாழ்த்துகிறவர்கள் சட்டத்தை நினைக்காவிட்டாலும், நான்கு சக்கரங்களின் எடையையாவது ஒருமுறை பார்ப்பது நல்லது.

மாப்பிள்ளைக்கு முதலில் ஏமாற்றம்தான். "ஒரு நாள் பூரா வேலை பாத்தும் வண்டி பாக்க அப்படியேதான இருக்கு மச்சான்" என்றார். ஆளில்லாத சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தினார். இரண்டு கருப்புக் கோடுகள், நேராக. மறுநாள் காலை தங்கை பிள்ளையைப் பின்னிருக்கையில் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள்.