கூப்பிடு தூரம்

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் எவ்வளவு தூரம் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், "அதோ, கூப்பிடு தூரம்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். என் நாவல் ஒன்றில் கதாநாயகி அந்தப் பூங்காவில் காதலனோடு கோபித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். அடுத்த வரியிலேயே கால்வாய்ப் பாலத்தில் நின்று கண்ணீர் வடிக்கிறாள். நடுவில் எப்படிப் போனாள், எத்தனை தரம் நடைபாதையை விட்டு இறங்கி ஏறினாள் என்று நானும் எழுதவில்லை. எந்த வாசகரும் கேட்கவில்லை. நாவல் எழுதுகிறவனுக்குள்ள சௌகரியங்களில் இது ஒன்று. பாத்திரங்களின் கால்களுக்கு அவன் பொறுப்பாளி அல்ல.

2023-ம் வருஷம் ஆவணி மாதத்தில் என் தாயார் ஸ்நான அறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. வயது எண்பத்து மூன்று. சிகிச்சையெல்லாம் ஆகி வீடு திரும்பியபோது, கூடவே ஒரு சக்கர நாற்காலியும் வந்து சேர்ந்தது. முதல் மூன்று மாதம் அது ஈரத் துண்டு உலர்த்தத்தான் உபயோகப்பட்டது. "அதிலே உட்கார்ந்துகொண்டு நாலு பேர் பார்க்கத் தெருவிலே போவதாவது!" என்று அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

அப்படிப்பட்டவள், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி சாப்பிட்டுக்கொண்டே, "ஏண்டா, கால்வாயைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கபாலி கோயில் என்றால் புரியும். கடற்கரை என்றாலும் புரியும். சென்னைப் பட்டணத்தில் சுயபுத்தியோடு இருக்கும் எவராவது பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்க்க ஆசைப்படுவார்களா? மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிற இடமல்லவா அது?

ஆனால் அம்மா பார்த்த கால்வாய் வேறு. அவளுக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது, என் தாத்தா விறகு வாங்கப் படகுத் துறைக்குப் போவாராம். இவளும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போவாள். சவுக்கு விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் வரிசையாக நிற்கும். காற்று வாகாக இருந்தால் பாய் விரித்து வரும். இல்லாவிட்டால் கரையோடு இரண்டு ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து வருவார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டிக் குதிப்பதுதான் அவளுக்கு விளையாட்டு.

புறப்பட்டோம். முதலில் பூங்கா. அமிர்தாஞ்சனம் கண்ட காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலுவின் பெயர் தாங்கிய பூங்கா அது. 1893-ல் பம்பாயில் அந்த மஞ்சள் களிம்பை விற்க ஆரம்பித்து, 'ஆந்திர பத்திரிகா' நடத்தி, தேசத் தொண்டு செய்த மனிதர். அறுபது வருஷமாக அவருடைய களிம்பைத் தடவி வருபவள் என்ற முறையில், அம்மாவுக்கு அந்தப் பூங்காவில் ஒரு பாத்தியதை உண்டு. மர நிழலில் நாற்காலி வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் எப்போதும் மரங்களின் உச்சியைப் பார்த்து நடப்பவன். அம்மாவோ தள்ளுவண்டியில் வந்த ஒரு குழந்தையோடு நேருக்கு நேர் கண்ணடித்துப் பேசினாள். இரண்டு பேரும் ஒரே உயரம்! சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் இருவர் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிஷம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நேயர்களே, நீங்கள் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? தள்ளாதவர்களுக்கு நடைபாதை என்பது நடைபாதை. தள்ளுகிறவர்களுக்கு அது பத்து கெஜத்துக்கு ஒரு முறை முடிந்துபோகிற திண்ணை. ஏறினால் ஒரு மின்சாரப் பெட்டி. இறங்கினால் மோட்டார் சைக்கிள். மறுபடி ஏறினால் மோட்டார் சைக்கிள்கள் ஏறாமலிருக்க நட்டு வைத்த கம்பங்கள். மோட்டார் சைக்கிள்கள் எப்படியோ ஏறியிருந்தன, நாற்காலிதான் நுழையவில்லை. அந்தச் சமயம் லஸ் பக்கத்தில் சுரங்க ரயிலுக்காக வேறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். தோண்டாத இடத்திலும் இதே கதைதான்.

ஓர் அங்குலம் ஏறவேண்டுமானால் ஓர் அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும் என்பது இதற்கு விதி. ஆறு அங்குலத் திண்ணைக்கு ஆறு அடிச் சரிவு. கணக்கு ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. 2016-ல் மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்கென்று நாடாளுமன்றம் சட்டமே செய்திருக்கிறது. செய்ய மனமிருந்தால் முடியும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வந்தது. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணல் மேல் மரப்பாதை போட்டு, 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்காரர்களை அலைக்குச் சமீபம்வரை கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதைப் பிய்த்துப் போட்டது; திரும்பக் கட்டினார்கள். கடலுக்குப் பாதை போட்டவர்களுக்கு லஸ் முனை ஒரு பிரமாதமா?

ஓர் இடத்தில் நாற்காலி அடியோடு மாட்டிக்கொண்டது. இளநீர் விற்றுக்கொண்டிருந்தவரும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவோடு நாற்காலியை அப்படியே தூக்கிவிட்டார்கள். அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். கீழே வைத்ததும், "நான் என்ன அறுபத்துமூவர் உற்சவத்துச் சாமியாடா, தோளில் தூக்க?" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். 'திரும்பிவிடலாமா?' என்று கேட்க வாயெடுத்தேன். "போ" என்று கையைக் காட்டினாள்.

கால்வாய்க்கு இன்னும் இருபது கெஜம் இருக்கிறது. அதற்குள் அதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி தள்ளுகிறவனுக்கு மூச்சு வாங்கவேண்டாமா?

1806-ல் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூருக்கு வெட்டத் தொடங்கியது முதல் துண்டு. மயிலாப்பூர் வழியாகப் போகிற துண்டு அதற்கு எழுபது வருஷம் பிந்தியது. தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்த காலத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க 1877, 78-ல் வெட்டினார்கள். சுமார் ஐந்து மைல். பசித்தவர்கள் கூலிக்கு மண் சுமந்து வெட்டிய வாய்க்கால். பெயர் என்னவோ அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவுக்குக் கிடைத்தது. பிற்பாடு படகுகள் ஓய்ந்தன. சாக்கடைகள் வந்து சேர்ந்தன. தொண்ணூறுகளில் பறக்கும் ரயிலின் தூண்களும் அதன் மேலேயே வந்து நின்றன. 2008-ல் இதைச் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். காகிதத்தில் இன்றைக்கும் அது ராஜபாட்டைதான். பாரதிதாசன் இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போன பிரயாணத்தைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார் என்றால், இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் கவிஞரின் கற்பனை என்று சொல்லிவிடுவார்கள்.

பாலத்தில் நாற்காலியை நிறுத்தினேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பார் அம்மா" என்றேன்.

அம்மா பார்த்தாள். எதிரே சுவர். குப்பை கொட்டாமலிருக்கவும், யாரும் விழாமலிருக்கவும் கட்டிய கைப்பிடிச் சுவர். எனக்கு மார்பளவு. நாற்காலியில் இருக்கிற அம்மாவுக்குத் தலைக்கு மேலே அரைச் சாண். பூங்காவிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தியிருக்கிறேன்! இந்த வழியாக எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன். அந்தச் சுவருக்கு ஓர் உயரம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீ நிற்கிறாயே, என்ன தெரிகிறது சொல்லு" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி உடனே வேலை செய்தது. "தண்ணீர் நிறைய இருக்கிறது, அம்மா. கரையோரம் பச்சைப்பசேலென்று..."

"அதை உன் கதையிலே எழுதிக்கொள். மூக்குக்குச் சுவர் கிடையாதுடா. உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். தண்ணீர் கறுப்பு. ஓடவில்லை, நிற்கிறது. பிளாஸ்டிக் பைகள், தெர்மாகோல், அறுந்த செருப்பு. தூணைச் சுற்றி நுரை. பச்சையாகத் தெரிவது ஆகாயத்தாமரை. அதன் மேல் ஒரு கொக்கு.

"கொக்கா?"

"ஆமாம். வெள்ளைக் கொக்கு. ஒற்றைக் காலில் நிற்கிறது."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. மேலே ஒரு ரயில் தடதடத்துக்கொண்டு போயிற்று. பிறகு சுவரின் மேல் கையை வைத்து, இடது பக்கமாகக் காட்டினாள். "துறை அந்தப் பக்கம்தான் இருந்தது. கயிறு இத்தனை உயரம் வரும்" என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அறுவை செய்த கால் அல்ல, மற்றது.

திரும்பும்போது அதே இளநீர்க்காரர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். இந்தத் தடவை நாற்காலியின் முன்னால் குனிந்து, "தூக்கட்டுமா, ஆத்தா?" என்று கேட்டார். "வேண்டாம், அந்த மோட்டார் சைக்கிளை மட்டும் நகர்த்திவிடு, தம்பி" என்றாள் அம்மா.

நகர்த்தினார். வழி இருந்தது.

வீட்டு வாசலில், "அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகலாம், அங்கே நல்ல பாதை இருக்கிறது" என்று நான் ஆறுதலாகச் சொன்னேன்.

"கடல் எங்கே போய்விடப் போகிறது? பார்க்குக்கே போகலாம்" என்றாள். "அந்த வழுக்கைத் தலைக்காரர் குதிரையைத் தப்பாக நகர்த்தினார். அவரிடம் சொல்லவேண்டும்."