கல்லாற்றுப் பூனை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் அமைந்த சிற்றூர் கல்லாறு. உருண்டைக் கற்களுக்கிடையே சலசலத்து ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. இவ்வூரைத் தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் பேருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும்.

ஆற்றின் ஓசை கேட்கும் தொலைவில் உள்ள ஓட்டு வீடொன்றில் ஓர் இளைஞர் வாழ்கிறார். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்தமிழ்நாட்டிலிருந்து இம்மலைக்கு வந்தவர். இளைஞர் பகலில் விதுராவில் கைப்பேசியும் மிக்சியும் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறார். இரவில் பழைய மடிக்கணினி ஒன்றின் முன் அமர்ந்து நிரல் எழுதுகிறார். நிரல் எழுதுவது அவருக்குத் தொழிலன்று, விருப்பம். அதற்காக அவருக்கு யாரும் ஊதியம் தருவதில்லை.

அவ்வீட்டில் அவருக்குத் துணை ஒரு பூனை. சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாத மழையில் நனைந்து விறகுக் குவியலுக்குள் ஒடுங்கிக் கிடந்த குட்டி அது. உடலெங்கும் வெண்மை, நெற்றியில் மட்டும் ஒரு கருமை. ஆதலால் அதற்குப் ‘புள்ளி’ என்று பெயரிட்டார்.

விடியற்காலையில் அவரை எழுப்புவது புள்ளிதான். அவர் கட்டஞ்சாயா போடும் வரை காலைச் சுற்றிச் சுற்றி வரும். மத்தி மீன் விற்பவரின் வண்டியோசை கேட்டதும் வாசலுக்கு ஓடும். மாலையில் அவர் பேருந்திலிருந்து இறங்கும்போது மதிற்சுவரின்மேல் காத்திருக்கும். இரவில் மடிக்கணினி சூடேறியவுடன் அதனருகே சுருண்டு படுத்துக்கொள்ளும். மழைக்காலத்து மலைக்குளிரில் அவ்வீட்டில் அதைவிடக் கதகதப்பான இடம் வேறில்லை. சில வேளைகளில் விசைப்பலகையின் குறுக்கே நடந்து, பாதி எழுதிய நிரலைக் குலைத்துவிடுவதும் உண்டு. மின்சாரம் போவதையும் பூனை நடப்பதையும் முன்னரே அறிய இயலாது. எனவே சில வரிகளுக்கு ஒருமுறை எழுதியதைச் சேமித்துவைக்கும் நற்பழக்கம் அவருக்கு உண்டாயிற்று.

விருப்பத்திற்காக நிரல் எழுதியவர்கள் உலகில் பெருஞ்செயல்களைச் செய்திருக்கின்றனர். 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், பொழுதுபோக்காகவே லினக்ஸை எழுதத் தொடங்கினார். அவரிடமும் ராண்டி என்றொரு பூனை இருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம், 1989ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கியதே பைத்தான் என்னும் நிரல்மொழி. சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம், ‘மயிலை’ என்னும் கணினி எழுத்துருவை உருவாக்கினார். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை இன்று எவரும் அதன்வழிப் படிக்கலாம்.

கல்லாற்று இளைஞர் எழுதும் நிரல் இவற்றைப் போலப் பெரியதன்று. அது சிறுவர்க்குரிய தமிழ் எழுத்து விளையாட்டு. அதை எழுத அவரைத் தூண்டியது ஒரு பழைய கடிதம்.

அவருடைய ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் தாத்தாதான் படித்துச் சொல்வார். தாத்தா மறைந்த பிறகு, ஆச்சியின் தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டில் மற்ற அனைவரும் மலையாளப் பள்ளியில் பயின்றவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க அறியார்கள். ‘யாராவது படிச்சவுக வந்தா கேட்டுக்கிடலாம்’ என்று ஆச்சி அதைத் தகரப்பெட்டியில் வைத்தார். கேட்காமலே அவரும் மறைந்தார்.

அதன் பின்னரே இளைஞர் தமிழ் எழுத்துகளைக் கற்றார். முதலில் அவரைத் திகைக்க வைத்தது மெய்யெழுத்தின் புள்ளி. ‘கல்லாறு’ என்னும் சொல்லிலுள்ள இரண்டு லகரங்களும் மலையாளத்தில் இணைந்து கூட்டெழுத்தாகிவிடும். தமிழிலோ அவை தனித்தனியே நிற்கும். முன்னது தலையில் புள்ளி பெறும். இதைப் பழகியபின் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஊரில் நல்ல மழை என்றும், பசு கன்று ஈன்றது என்றும், அக்கா எப்போது வருவாள் என்றும் அதில் எழுதியிருந்தது. அவ்வளவுதான். ஆனால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் இல்லை.

பக்கத்து வீட்டுச் சிறுமியும் தமிழ் பேசுவாள், எழுதுவது மலையாளம். அவளுக்காகவே விளையாட்டு உருவாயிற்று. ஒரு சொல்லைக் காட்டி, அதில் எத்தனை எழுத்துகள் என்று கணினி கேட்கும். ‘கல்லாறு’ என்னும் சொல்லுக்குச் சிறுமி விரல்விட்டு எண்ணி, “நான்கு” என்றாள். கணினியோ “ஏழு” என்றது. “அண்ணா, உங்க கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியலையே!” என்று அவள் சிரித்தாள்.

கணினி பொய் சொல்லவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒருங்குறியில், தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே இடமுண்டு. மற்ற எழுத்துகள் இவற்றின் சேர்க்கையால் அமையும். எனவே க, ல, புள்ளி, ல, துணைக்கால், ற, உகரக்குறி என ஏழாக எண்ணியது கணினி. எழுத்து எது, அதைச் சார்ந்து நிற்கும் குறி எது என்பதை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை.

அன்றிரவு மழை பெய்தது. இருமுறை மின்சாரம் போயிற்று. பதினொரு துணைக்குறிகளையும் புள்ளியையும் தனி எழுத்தாக எண்ணக் கூடாது என்று இளைஞர் நிரலில் எழுதினார். அதன் பின்னும் இரண்டு பிழைகள் தோன்றின, அவற்றையும் களைந்தார். நள்ளிரவில் கணினி ‘நான்கு’ என்று காட்டியபோது, விழித்திருந்து அதைக் கண்டது பூனை மட்டுமே. அதுவும் கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

இப்போது அச்சிறுமி நாள்தோறும் மாலையில் வருகிறாள். பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து சொற்கள் எழுதிவிட்டுப் போகிறாள். சென்ற பொங்கலுக்குத் தன் ஊர்ப் பாட்டிக்கு நான்கு வரிகளில் வாழ்த்து எழுதி அனுப்பினாள். அதில் இரண்டு இடங்களில் புள்ளி விடுபட்டிருந்தது. ஆயினும் அவ்வாழ்த்தைப் பாட்டி படித்தார், விடையும் எழுதினார்.

மாணவர்களே, ‘புள்ளி’ என்னும் சொல்லில் நமக்கு எத்தனை எழுத்துகள்? கணினிக்கு எத்தனை? எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் பெயரையும், ஊரிலுள்ள உங்கள் தாத்தா பாட்டியின் பெயர்களையும் தமிழில் எழுதி எண்ணுங்கள். அவர்கள் எழுதிய கடிதம் ஏதேனும் வீட்டில் இருந்தால், அதைத் தேடி எடுத்து நீங்களே படித்துப் பாருங்கள்.