லீவுக்குத் தீவு

மே மாசம் வந்தா ஓபியில் பிபி பார்க்கும்போதே கேட்பாங்க: "டாக்டர், தூத்துக்குடி தீவுக்கு போட் கிடைக்குமா?"

எரிமலைத் தீவுன்னா அந்தமான்ல பாரன் தீவு இருக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் வேற ரகம். பவளப்பாறை மேல மணல் சேர்ந்து உருவானவை. 1986லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம இறங்க முடியாது.

காரணம் இருக்கு. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வருஷக்கணக்கா வெட்டி எடுத்தோம். எலும்பை உருவிட்டு உடம்பை நிக்கச் சொன்னா எப்படி? (டாக்டருக்கு இந்த உவமைதான் வரும்!) அலையைத் தடுக்கப் பாறை இல்லை, விலாங்குச்சல்லி கடலுக்குள்ள போயிடுச்சு. காரியாச்சல்லி சுருங்கிட்டே வருது. வான் தீவைச் சுற்றி 2015க்கு அப்புறம் செயற்கைப் பாறைகள் இறக்கினாங்க, அது தப்பிச்சு நிக்குது.

பிள்ளைகளுக்குக் கடல் காட்டணுமா? துறைமுகம் பக்கம் முயல் தீவுக்கு ரோட்டிலேயே போகலாம். வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுங்க, தண்ணி பாட்டிலை மறக்காதீங்க.