முதல் மார்க் வாங்கியும் அதே வகுப்பு!

வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனைப் பார்த்து, "நல்லா படிச்சே, அடுத்த வருஷமும் இங்கேயே உட்காரு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நம்ம சென்னை சிட்டி எஃப்.சி. ஃபுட்பால் டீமுக்கு அதுதான் நடந்தது.

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீகின் கடைசி மேட்ச். எதிரே மினர்வா பஞ்சாப். ஜெயித்தால் கோப்பை. ஆரம்பத்திலேயே பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்ஸி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3-1! ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகம் (43-42). நாமதான் சாம்பியன்.

சரி, அடுத்து ஐ.எஸ்.எல்.தானே? அதுதான் இல்லை. ஜெயித்து அதற்குள் நுழைய அப்போது வழியே கிடையாது. 2022-23 சீசனிலிருந்து ஐ-லீக் சாம்பியனுக்கு இடம் உண்டு என்று அதே வருஷம் அக்டோபரில்தான் முடிவானது.

அப்படி முதலில் உள்ளே போனது யார் தெரியுமா? அன்றைக்குக் கோவையில் தோற்ற அதே பஞ்சாப் கிளப்! உரிமையாளர் மாறி, பெயர் மாறி, 2022-23ல் 22 மேட்சில் 52 புள்ளி எடுத்து மேலே போனார்கள். இரண்டாவது வந்த ஸ்ரீநிதி டெக்கானை விட 10 புள்ளி அதிகம். உழைத்து ஜெயித்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

சென்னை சிட்டி? 2020-21க்குப் பிறகு ஐ-லீகிலேயே அவர்கள் இல்லை. மேலே போக வழி திறந்தபோது உள்ளே போக ஆளில்லை.

கோவையில் கஷ்டப்பட்டு எடுத்த அந்த ஒரு புள்ளிக்கு என்னதான் மதிப்பு? யாராவது சொல்லுங்களேன்.