பெயரும் ஒரு சொல்லும்

குடியைப் பற்றி நம் வட்டத்தில் ஒரு புராணம் இருக்கிறது. கவிஞன் குடிப்பது அவனுடைய தீவிரத்தின் அடையாளம் என்பது அது. இறந்துபோன நண்பர்களுக்கு நாம் எழுதிய அஞ்சலிகளை எடுத்துப் பார்த்தால் தெரியும். எரிந்தான், கரைந்தான், தன்னையே விலையாகக் கொடுத்தான் என்றெல்லாம் எழுதியிருப்போம். ஈரல் என்ற சொல் ஒன்றில்கூட வராது. மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது வராது. ரொமாண்டிசிஸத்தைக் கவிதையிலிருந்து விரட்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிற நாம் அதை அஞ்சலிக் குறிப்புகளில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நான் நிறுத்த வேண்டியதாயிற்று. பல வருஷக் குடியைச் சட்டென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் வலிப்போ சித்தப்பிரமையோ கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்தார்கள். அது கடந்தது. கடக்காதது மாலை ஆறு மணி. கிளம்பும்போது டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு டெலிபோன் நம்பரை எழுதிக் கொடுத்தார். பெயர் எழுதவில்லை.

மறுமுனையில் பேசியவர் என்னைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. "வியாழக்கெழம ஏழு மணி. பஸ்ஸுலயா வர்றீங்க? மாதாகோயில் ஸ்டாப்புல எறங்கிக்குங்க. பேசணும்னு இல்ல, வந்து உக்காந்தாப் போதும்" என்றார்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. கடைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. இந்த இடத்துக்குப் போர்டே கிடையாது. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், கதவில் ஒட்டிய காகிதத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு முக்கோணம். நாலாம் வகுப்பு அறை. கரும்பலகையில் பின்னக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்கப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கொத்தனார், ஒரு வங்கி அதிகாரி, இரண்டு ஆட்டோக்காரர்கள், மற்றவர்களைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை.

ஒருவர் தன் பெயரைச் சொல்கிறார். இனிஷியல் இல்லை, ஜாதி இல்லை, உத்தியோகம் இல்லை. பிறகு 'குடிநோயாளி' என்று ஒரு சொல். மற்றவர்கள் வணக்கம் சொல்கிறார்கள். அவர் பேசி முடித்ததும் யாரும் பதில் சொல்வதில்லை, புத்தி சொல்வதில்லை. அடுத்தவர் தன்னுடையதைப் பேசுகிறார். சந்தா கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். வெளியார் பணம் வாங்கக்கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிற மரபு. (சிறுபத்திரிகைக்காரனுக்கு இது உடனே புரியும்.)

நம் கூட்டங்களில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மறுப்பைத் தயார்செய்துகொண்டிருப்பார்கள். மௌனம்கூட அங்கே ஒரு அபிப்பிராயம். தவிர, இருபது வருஷமாகக் கவிதையில் 'நான்' என்று எழுதி வருகிறேன். அந்த நான் யார் என்று கேட்டால், அது கவிதையின் குரல், என்னைத் தேடாதே என்று சொல்ல ஒரு சித்தாந்தம் கைவசம் உண்டு. இந்த அறையில் அது செல்லுபடியாகாது. கொத்தனாரின் 'நான்' அவர் உடம்பைத் தவிர வேறெதையும் குறிக்கவில்லை. மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை. வெட்கம் என்று சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு சொல்லை இடம் மாற்ற முடியாது, ஒரு படிமம் சேர்க்க முடியாது. நாலாம் வாரம் சொன்னேன். குரல் எழும்பவில்லை. காதில் விழுந்ததோ என்னவோ, வணக்கம் என்றார்கள்.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், வந்த காரியம் கைகூடாத ஒரு நியூயார்க் பங்குத் தரகர் ஹோட்டல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதே ஹோட்டலில் மதுக்கூடம். அவர் டெலிபோன் பக்கம் போய், பாதிரிமார்களின் பட்டியலைப் பார்த்து, தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். கிடைத்தவர் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால்மணி நேரம்தான் என்று வந்தவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாள் என்று கொள்ளப்படும் ஜூன் 10, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தொடங்கிய நாளாக அனுசரிக்கப்படுகிறது. தரகர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினார். பேசுகிறவன் பிழைப்பதற்கான பேச்சு; ஆனால் கேட்கிறவன் இல்லாமல் அது சாத்தியமில்லை. வாசகனைப் பற்றி நம் விமர்சனத்தில் இவ்வளவு கறாராக ஒன்றை நான் படித்ததில்லை.

அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். அவரவர் புரிந்துகொண்ட வகையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. கறுப்புச் சட்டையில் வருகிற ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "என்னையவிடப் பெரிசு இந்த பெஞ்சுல இருக்கிற ஆளுங்கதான் சார். எனக்கு அது போதும்" என்றார். தற்சமயம் எனக்கும் அதுதான்.

எல்லோரும் பிழைப்பதில்லை. வங்கி அதிகாரி ஆனிக்குப் பிறகு வரவில்லை. போன மாதம் இறந்துபோனார். ஈரல்.

இதைப் பெயரில்லாமல் அச்சிடும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். பத்திரிகைகளில் பெயரை வெளிப்படுத்திக்கொள்வதில்லை என்பது அவர்களுடைய பதினோராவது மரபு. நடையை வைத்து நீங்கள் ஊகித்துவிடுவீர்கள், பரவாயில்லை. இந்த மாதம் அறையைத் திறப்பது என் முறை. ஆறரைக்குள் போய் பெஞ்சுகளை எதிரெதிராகத் திருப்பிப் போட வேண்டும், டீக்கடையில் பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.