நூல் சுற்றிய பிடியா, வெறும் மரப் பிடியா?



இம்முறை பாடத்திட்டத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு கோலைப் பற்றி எழுதப் போகிறேன். பிரம்புக் கோல் அன்று. பூல் விளையாட்டில் பந்தை அடிக்கும் கோல். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் அந்தக் கோலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். சென்ற பள்ளி விடுமுறை வரை நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன்.

என் மகனுக்கு வயது பத்தொன்பது. கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதியில் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறையின் முதல் வாரத்தில் ஒரு நாள் மாலை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அருகில் வந்து அமர்ந்தான். "அம்மா, 600 வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன். சொந்தமா ஒரு பூல் கியூ வாங்கணும். பிடியில நூல் சுத்துனது வாங்கவா, சுத்தாதது வாங்கவான்னு தெரியல" என்றான்.

எனக்கு முதலில் சினம்தான் வந்தது. நம் ஊர்களில் ஸ்நூக்கர் மையம் என்றாலே பெற்றோர் முகம் சுளிப்பதுண்டு. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போய்ப் படிப்பை இழந்த பிள்ளைகளை நானே அறிவேன். பெற்றோர் கூட்டத்தில், "பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்" என்று ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியவளும் நானே. ஆயினும் அவன் அனுமதி கேட்கவில்லை, அறிவுரை கேட்டான். தானே உழைத்துச் சேர்த்த பணம். கேள்வியும் ஒழுங்கான கேள்வியாக இருந்தது. தெரியாத கேள்வியை மாணவன் கேட்டால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கூறிவிட்டு இரவில் புத்தகத்தைப் புரட்டுவது ஆசிரியர்களாகிய நம் வழக்கம் அல்லவா? அதையே செய்தேன்.

அன்றிரவு படித்தவற்றுள் ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஸ்நூக்கர் ஆட்டம் 1875ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் ஆங்கிலேய அதிகாரியால் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. (பின்னாளில் பிரதமரான சேம்பர்லேன் வேறு, இவர் வேறு.) அதன் விதிமுறைகள் வரையப்பட்டு மாட்டப்பட்ட இடம் எது தெரியுமா? நம் உதகமண்டலத்து ஊட்டி கிளப். நான் 'வீணர் ஆட்டம்' என்று ஒதுக்கியதற்குத் தமிழ்நாட்டு மலையில் ஒரு முகவரி இருந்திருக்கிறது. பூல் ஆட்டத்திலும் நம் அண்டை நாட்டவர் பெயர் பெற்றுள்ளனர். பிலிப்பைன்சின் எஃப்ரன் ரேயஸ் 1999இல் ஒன்பது பந்து ஆட்டத்தில் உலக வெற்றியாளரானார். சிங்கப்பூரின் அலோய்சியஸ் யாப் 2021இல் அமெரிக்கப் பொதுப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை சென்றார்.

மறுநாள் மகனும் நானும் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் இரண்டு கோல்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஏறக்குறைய 58 அங்குல நீளம். எடையும் ஒன்றே, 19 அவுன்சு. ஒன்றின் பிடியில் ஏறத்தாழ ஓர் அடி நீளத்திற்கு வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளியிட்ட நூல் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. மற்றொன்றில் சுற்று ஏதும் இல்லை. அடி முதல் நுனி வரை மரத்தின் வரிகள் தடையின்றி ஓடின. மெருகு கண்ணாடிபோல் பளபளத்தது. என் கண் அதன்மேல்தான் சென்றது. "இதையே வாங்கிக்கொள்" என்று சொல்ல வாயெடுத்தேன். மகன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தான், தெளிவு பிறக்கவில்லை. "கோல் பழுது பார்க்கும் ஒருவர் பக்கத்து வட்டாரத்தில் இருக்கிறார். அவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று கடைக்காரரே வழிகாட்டினார்.

அது ஒரு பழைய கடைவீட்டின் பின்பகுதி. குளிர்சாதனம் இல்லை. மேலே ஒரு மின்விசிறி, நடுவில் ஒரு மேசை, ஓரத்தில் சிறிய கடைசல் இயந்திரம். அதில் ஒரு கோல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. முப்பது வயதைக் கடந்த ஓர் ஆடவர் அதன்மேல் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களை ஏறிட்டுப் பார்த்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"வணக்கம் டீச்சர்."

நான்காம் ஆண்டில் என்னிடம் படித்த மாணவர். பெயரை இங்கே எழுதவில்லை. முகத்தைக் கண்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது அவர் முகமன்று. அவருடைய நோட்டுப் புத்தகம். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

கேள்வியைக் கேட்டவுடன் அவர் அழகாக விளக்கினார். வகுப்பறையில் நான் கூட அவ்வளவு ஒழுங்காக விளக்கியிருக்க மாட்டேன். அவர் கூறியவற்றைத் தொகுத்துத் தருகிறேன். கோல் வாங்க நினைக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

பிடியில் சுற்றும் நூல் பெரும்பாலும் ஐரிஷ் லினன் எனப்படுவது. ஆளிச் செடியின் நாரிலிருந்து நூற்பது. நூலின் கனத்திற்கு ஏற்ப மரத்தில் ஆழமில்லாத பள்ளம் கடைந்து, அதனுள் பசையிட்டுச் சுற்றி, பின் அழுத்தித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். கையை ஓட்டிப் பார்த்தால் மரம் முடிந்து நூல் தொடங்கும் இடம் இடறக் கூடாது. இந்நூல் வியர்வையை உறிஞ்சும். மலிவான கோல்களில் நைலான் நூல் சுற்றுவார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் லினன் அளவிற்கு அது ஈரத்தை வாங்காது. தோல் சுற்றியவையும் உண்டு. அவை கைக்கு மெத்தென்றிருக்கும்; விலையும் கூடுதல்.

வெறும் மரப் பிடியின் சிறப்பு வேறு. கைக்கும் மரத்திற்கும் இடையில் எதுவும் இல்லாததால், பந்தைத் தொடும் அதிர்வு நேராகக் கைக்கு வருவதாக அதை விரும்புவோர் கூறுவர். கையை முன்னும் பின்னும் நகர்த்தும்போது எல்லா இடமும் ஒரே தன்மையாக இருக்கும். நூல் நைந்துபோகும் தொல்லை இல்லை, துடைத்தால் போதும். ஸ்நூக்கர் கோல்கள் காலங்காலமாகச் சுற்று இல்லாமல்தான் செய்யப்படுகின்றன. ஆயினும் நல்ல மரம் வேண்டும். சுற்றுக்கு அடியில் மறையும் மரம் நேராக இருந்தால் போதும். அழகாக இருக்க வேண்டியதில்லை. சுற்றில்லாத கோலில் எல்லாமே வெளியில் தெரியும்.

"அப்படியானால் எது சிறந்தது?" என்று கேட்டேன். நம் ஆசிரியர் புத்தி சரியான விடை ஒன்றைத்தானே தேடும்!

"தம்பி, கையைக் காட்டுங்க" என்றார் அவர்.

மகன் வலக்கையை நீட்டினான். அவர் தம் கட்டைவிரலால் உள்ளங்கையை ஒரு முறை தடவினார். பிறகு என்னைப் பார்க்காமலேயே, "என் கை மாதிரியே இருக்கு டீச்சர்" என்றார்.

உள்ளங்கை நனைந்திருந்தது. பத்தொன்பது ஆண்டுகள் வளர்த்த மகன். அவன் கை இப்படி வியர்ப்பதை நான் கவனித்ததில்லை.

இனி அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்காம் ஆண்டில் அந்த மாணவரின் கட்டுரைப் புத்தகம் எப்போதும் சுருங்கியும் கறை படிந்தும் இருக்கும். மை பரவியிருக்கும், தாளின் கீழ்ப்பகுதி அலையலையாக நெளிந்திருக்கும். தூய்மை இல்லை, பொறுப்பில்லை என்று நான் கடிந்துகொள்வேன். ஒருநாள் பக்கத்தைக் கிழித்து, மீண்டும் எழுதச் சொன்னேன். மீண்டும் நனைந்தது. மீண்டும் கிழித்தேன். மூன்றாம் முறை வகுப்பின் முன் நிற்கவைத்து, புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டினேன். அச்சம் மிகுந்தால் கை மேலும் வியர்க்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. சிலருக்கு உள்ளங்கை அளவுக்கு மீறி வியர்ப்பது உடலின் இயல்பு. அது தூய்மைக் குறைவு அன்று. மருத்துவரிடம் காட்டலாம் என்பதெல்லாம் பின்னாளில் அறிந்தவை. அறிந்தபோதும் அந்தப் பிள்ளையோடு பொருத்திப் பார்க்கவில்லை.

அவர் எதையும் சொல்லிக் காட்டவில்லை. மகனிடம் இரண்டு கோல்களைக் கொடுத்து, "முதல்ல சுத்து இல்லாததுல அரை மணி நேரம் ஆடுங்க" என்றார். நான் ஒரு முக்காலியில் அமர்ந்து பார்த்தேன்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே ஆடினான். பிறகு மெருகிட்ட மரத்தில் ஈரக் கை ஒட்டத் தொடங்கியது. ஒட்டியதும் அவன் அறியாமலேயே விரல்கள் இறுகின. பின்கை கோலைத் தளர்வாகத் தாங்க வேண்டும். இறுக்கினால் மணிக்கட்டு திரும்பும், கோல் நேர்கோட்டில் ஓடாது. வெள்ளைப் பந்து குறி தவறிக்கொண்டே இருந்தது. தவறத் தவற அவன் முகம் சிவந்தது. கை மேலும் நனைந்தது. வகுப்பின் முன் நின்ற ஒரு சிறுவனின் முகத்தை நான் அங்கே பார்த்தேன்.

பிறகு நூல் சுற்றிய கோல். அதிலும் அவன் எல்லாப் பந்தையும் குழியில் இட்டுவிடவில்லை. ஆனால் விரல்கள் தளர்ந்தே இருந்தன. அரை மணி நேரம் கழித்தும் கையைச் சட்டையில் துடைக்கவில்லை.

"ஏசி இருக்கிற இடத்துல மட்டும் ஆடுறதுன்னா வெறும் மரமே போதும். தம்பி திறந்த கடையிலயும் ஆடுறார். அதனால நூல்தான் நல்லது. ஆனா நூலும் கறுத்துப் போகும், நைஞ்சு போகும். அப்பப்போ மாத்திச் சுத்தணும்" என்றார். பின்னர், "எல்லாருக்கும் இதையே சொல்ல மாட்டேன் டீச்சர். இதே மாதிரி வேர்க்கிற இன்னொருத்தர் துண்டு வச்சுத் துடைச்சுக்கிட்டு வெறும் மரத்துலதான் ஆடுறார். கையைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்குத் தோட்டத்து வீடு நினைவுக்கு வந்தது. என் பெற்றோர் பால்மரம் சீவியவர்கள். அப்பாவின் கத்திப் பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார். அம்மாவின் கத்தியில் வெறும் மரம்தான்; அவர் விரல் பட்டுப் பட்டே அது தேய்ந்து வளைந்திருந்தது. ஒருவர் கத்தியை மற்றவர் எடுத்தால் வேலை ஓடாது. யார் பிடி சரி என்று அவர்கள் வாதிட்டு நான் கேட்டதில்லை. இருவரும் ஒரே அளவு பால்தான் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டில் வளர்ந்த நான், நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே பிடியைக் கற்பித்தேன்.

மகன் நூல் சுற்றிய கோலை வாங்கினான். பளபளப்பில்லாத எளிய கோல். பணத்தில் மிச்சமும் இருந்தது.

ஆசிரியத் தோழர்களே, பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதும்போது தாள் நனையும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், கைக்கு அடியில் வைக்க ஒரு துண்டுத் தாளோ சிறு கைக்குட்டையோ கொடுங்கள். மை பரவினால் பென்சிலில் எழுதவிடுங்கள். முக்கோணப் பென்சிலும் இரப்பர் உறையிட்ட பென்சிலும் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றையும் எல்லாருக்கும் திணிக்க வேண்டாம். இரப்பர் உறை சில பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டும். இரண்டையும் கொடுத்து, பிள்ளை எதை மீண்டும் எடுக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன், ஒருமுறை அந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.

விடுமுறை முடிவதற்குள் அந்தக் கடைவீட்டிற்கு நான் மட்டும் மீண்டும் சென்றேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனத்திற்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் ஒழுங்கெல்லாம் போய்விட்டது. "அந்த நோட்டுப் புத்தகத்தைக் கிழித்திருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. இயந்திரத்தில் ஒரு கோல் பாதி சுற்றிய நிலையில் நின்றிருந்தது. "ரொம்ப நாளு அதை நெனச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர்" என்றார். மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. பொய் சொல்லாததற்கு அவருக்கு நன்றி.

பிறகு நூல்கண்டை என்னிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்குங்க. விட்டா தளர்ந்துடும்" என்றார். கடைசல் மெல்லச் சுழன்றது. சுற்று முடியும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.